குப்பைக்குப் போகும் புரதம்

போருக்குப் பின் வடக்கில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிகளும் ஆடுமாடுகளும் கொடுக்கப்பட்டன. கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தீனுக்கு என்ன வழி என்ற கேள்வி அந்தப் பெண்களோடு தங்கிவிட்டது.

2021 இல் இரசாயன உரத்தடை வந்தபோது சோளச் செய்கை அடிவாங்கியது. 2022 இல் டொலர் தட்டுப்பாட்டால் கோழித்தீன் எட்டாத விலைக்குப் போனது. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தார்கள். தீனில் அதிக விலை பிடிப்பது புரதம், அதாவது சோயாப் புண்ணாக்கும் மீன்தூளும்.

இணுவில் தோட்டங்களையும் பக்கத்துச் சுன்னாகம் சந்தையையும் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. விலைப்படாமல் கனிந்த பழங்கள் குப்பையாகின்றன. அவற்றிலுள்ள சீனி மதுவத்துக்கு உணவு. கள்ளைப் புளிக்கவைப்பதும் அப்பமாவைப் பொங்கவைப்பதும் மதுவம்தான். சீனியோடு நைதரசனும் காற்றும் கிடைத்தால் சில மணித்தியாலங்களில் அது இரட்டிப்பாகும். உலர்ந்த மதுவத்தில் ஏறத்தாழப் பாதி புரதம்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. உலகப் போர்களில் இறக்குமதி அடைபட்ட ஜேர்மனி மதுவத்தை வளர்த்து உணவில் சேர்த்தது. பின்லாந்து 1970களில் கடதாசி ஆலைக் கழிவில் பூஞ்சணம் வளர்த்து 'பெக்கிலோ' என்ற கால்நடைத் தீவனம் செய்தது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய எங்களுக்கு, இல்லாமையில் வழி தேடுவது புதிதல்ல.

ஆனால் இதை வீட்டு வாளியில் செய்ய முடியாது. வேண்டாத பூஞ்சணம் பிடித்தால் அதன் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். சந்தைக் கழிவில் பூச்சிகொல்லி எச்சம் இருக்கலாம். உலர்த்துவதற்கு எரிபொருளோ மின்சாரமோ வேண்டும். எல்லாம் சரியாக நடந்தாலும் சோயாவின் ஒரு பங்கைத்தான் மதுவம் ஈடுசெய்யும்.

ஆகவே இது தனித்தனிப் பெண்களின் தலையில் கட்டக்கூடிய இன்னொரு 'சுயதொழில்' அல்ல. சந்தையிலேயே பழக்கழிவைப் பிரித்தெடுப்பது வலிகாமம் தெற்குப் பிரதேச சபையின் வேலை. ஒரு சிறு பொது ஆலையைக் கூட்டுறவுச் சங்கம் நடத்தலாம். கிளிநொச்சியிலுள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடம் தீனின் பாதுகாப்பைச் சோதித்துச் சொல்லலாம். முதலில் சிறிய அளவில் செய்து, செலவுக் கணக்கை வெளிப்படையாக மக்கள் முன் வைக்கட்டும். சோயாவைவிட மலிவாக வராவிட்டால் கைவிடலாம்.

அதுவரை, கோழிக்குஞ்சுப் பெட்டியோடு வருகிற ஒவ்வொருவரிடமும் நாங்கள் கேட்கவேண்டியது ஒன்றுதான்: ஆறு மாதத்துக்குப் பிறகு இவற்றுக்குத் தீன் எங்கிருந்து வரும்?