ரத்தம் எடுக்கையில் "ஆமாம்" போடுவது

ரத்தப் பரிசோதனை என்றால் நம் ஜனங்கள் பயப்படுவதெல்லாம் "இவ்வளவு ரத்தத்தை உறிஞ்சிவிட்டானே" என்பதற்குத்தான். வளர்ந்த மனிதன் உடம்பில் உத்தேசம் 5 லிட்டர் ரத்தம் இருக்கின்றது. ஒரு குழாய்க்கு எடுப்பதோ 2 முதல் 5 மில்லி லிட்டர். நாலு குழாய் எடுத்தாலும் 20 மில்லி லிட்டருக்கு மேல் போகாது. அஷ்டமி, நவமி தள்ளி ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறவர், தம் கையில் குத்தப்போகும் ஊசி புதியதா என்று மட்டும் பார்ப்பதில்லை.

நிற்க, ரத்தம் எடுப்பதில் முதல் காரியம் ஊசியல்ல, பெயர். எடுக்கிறவர் "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, நம் வாயாலேயே சொல்லச் செய்து, சீட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். "நீங்கள்தானே முருகேசன்?" என்று கேட்பது முறையல்ல. ஏனெனில், வெள்ளைச் சட்டைக்காரர் எதைக் கேட்டாலும் "ஆமாங்க" என்று தலையாட்டுவது நமக்கு வழக்கமாய்ப் போய்விட்டது. காது மந்தமான கிழவரும், காய்ச்சலில் கிடப்பவரும் வேறொருவர் பெயருக்கு ஆமாம் போட்டுவிடுவார்கள். தவிரவும், ஊரில் முருகேசன் ஒருவர்தானா? ஆகவே பிறந்த தேதியையோ தகப்பனார் பெயரையோ சேர்த்துக் கேட்க வேண்டும். ரத்தம் எடுத்த உடனே, நம் கண்முன்னாலேயே குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்டப்பட வேண்டும். பத்துப் பேருக்கு எடுத்துவிட்டு, பிறகு மேஜையில் உட்கார்ந்து ஞாபகத்தில் எழுதுவது கொலைக்குச் சமமான அஜாக்கிரதையாகும்.

கொலை என்றது மிகையல்ல. ரத்தத்தில் பிரிவுகள் உண்டென்று 1901-ம் வருஷம் வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் வெளியிட்டார். "ஓ" பிரிவுக்காரருக்கு "ஏ" பிரிவு ரத்தத்தை ஏற்றினால், ஏற்றிய ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீரகம் கெட்டு, ஆள் சாகவும் கூடும். இப்படிப்பட்ட விபத்துக்களில் பெரும்பாலானவை விஞ்ஞானத்தின் குற்றமல்ல. ஆளோ சீட்டோ மாறியதுதான்.

"மிஷின் அச்சடித்துக் கொடுத்தது பொய்யா சொல்லும்?" என்று கேட்பவர்களும் உண்டு. சாஸ்திரம் சொல்லிவிட்டது என்பவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? மிஷின், குழாயில் இருப்பதைத்தான் சொல்லும். ரப்பர் பட்டையை ஒரு நிமிஷத்துக்கு மேல் இறுக்கி வைத்தாலும், கையை மூடி மூடித் திறக்கச் சொன்னாலும், எடுத்த ரத்தத்தைக் குலுக்கி அணுக்களை உடைத்தாலும், இல்லாத பொட்டாசியம் கணக்கில் ஏறிவிடும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாதிருக்க ஒரு பொட்டாசிய உப்பைச் சேர்த்திருக்கிறார்கள். அதிலிருந்து வேறு குழாயை நிரப்பினாலோ பொட்டாசியம் ஏறும், கால்சியம் குறையும். ஆரோக்கியமானவன் இருதய ஆபத்துக்காரனாகிவிடுவான்! குளுகோஸ் ஏறுகிற கையிலேயே ரத்தம் எடுத்தால், சர்க்கரை வியாதி இல்லாதவருக்கும் சர்க்கரை வந்துவிடும்.

ஊசி விஷயத்துக்கு வருவோம். கை கழுவிக் கையுறை போட்டு, உறை பிரிக்காத புது ஊசியை நம் எதிரில் பிரிக்க வேண்டும். 70 சதவிகித ஸ்பிரிட்டினால் 30 விநாடி தேய்த்து, ஈரம் தானாகக் காயும்வரை பொறுக்க வேண்டும். வாயால் ஊதக்கூடாது. துடைத்த இடத்தை மறுபடியும் விரலால் தடவி நரம்பு தேடினால், துடைத்தது வீண். (நாம் "நரம்பு" என்று சொல்வது உண்மையில் நரம்பல்ல, ரத்தக்குழாய், பேச்சு வழக்கு அப்படி.) 2009-ம் வருஷம் குஜராத்தில் மொடாசா பக்கம், உபயோகித்த ஊசிகளைத் திரும்பவும் உபயோகித்ததனால் மஞ்சள் காமாலை பி பரவி, பலர் மாண்டார்கள்.

இவற்றையெல்லாம் கேட்டால் ரத்தம் எடுப்பவர் கோபிப்பாரே என்று சிலர் தயங்குகிறார்கள். ஒழுங்காய் வேலை கற்றவர் கோபிக்க மாட்டார். அவருடைய உயிரும் இதில்தான் இருக்கின்றது. தடுப்பூசி போடாத ஒருவருக்கு, காமாலை பி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டால், நூற்றுக்கு 30 வரையில் அவ்வியாதி தொற்றக்கூடும். ஆகையால் உபயோகித்த ஊசிக்குத் திரும்ப மூடி போடாமல், கைக்கெட்டும் தூரத்தில் உள்ள துளைக்க முடியாத பெட்டியில் உடனே போட வேண்டும். அந்தப் பெட்டியை வாங்கி வைப்பதும், வேலையாட்களுக்குத் தடுப்பூசி போடுவதும் முதலாளியின் கடமை. காசை மிச்சம் பிடிக்க இதைச் செய்யாத முதலாளி, கூடத்தில் சாமி படத்துக்குத் தினம் மாலை போடத் தவறுவதில்லை. பெட்டி எங்கே என்று அவரிடமும் கேளுங்கள்.