டப்பாவில் சீட்டு எங்கே?

கம்ப்யூட்டருக்குச் சொந்த புத்தி கிடையாது. மனிதர் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளை அப்படியே செய்யும். அந்தக் கட்டளைத் தொகுப்புக்குப் பெயர், புரோகிராம்.

புரோகிராமில் வரும் ஒவ்வொரு எண்ணும் ஒரு டப்பாவில் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். டப்பாவுக்குப் பெயர் வேண்டும். "எக்ஸ்" என்றாலும், "கடன்பாக்கி" என்றாலும் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான்.

பிறகு ஏன் பெயரைப் பற்றிக் கவலை?

அதை மனிதரும் படிக்க வேண்டுமே! ஒருவர் எழுதியதை, ஐந்து ஆண்டு கழித்து வேறொருவர் திருத்துவார். வட்டிக் கணக்கில் வெறும் "எக்ஸ்" நின்றால் அது அசலா, வட்டியா, அபராதமா? ஊகித்துத்தான் கை வைக்க வேண்டும். ஊகம் தப்பினால், கடன் வாங்கியவர் தலையில் விடியும்.

அன்று காரணம் இருந்தது

1957-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட "போர்ட்ரான்" மொழியில், பெயருக்கு ஆறு எழுத்துக்கு மேல் கூடாது. 1964-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பிறந்த "பேசிக்" மொழியில் இன்னும் சிக்கனம். ஓர் எழுத்து; வேண்டுமானால் கூட ஓர் எண். அவ்வளவுதான்!

இன்று இடத்துக்குப் பஞ்சமில்லை. பழக்கம்தான் போகவில்லை. நாலு எழுத்து மிச்சம் பிடித்து வீடா கட்டப் போகிறார்கள்?

விண்கலம் போயிற்று

1998 டிசம்பரில் அமெரிக்காவின் "நாசா" செவ்வாய்க்கு ஒரு விண்கலம் அனுப்பியது. 1999 செப்டம்பர் 23-ந் தேதி, செவ்வாயை நெருங்கியபோது அது தொலைந்தது.

விசாரணையில் காரணம் வெளிவந்தது. விண்கலத்தைத் தள்ளும் விசையை ஒரு புரோகிராம் பவுண்டு கணக்கில் எழுதித் தந்தது. வாங்கிய புரோகிராமோ அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக் கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது ஏறத்தாழ 4.45 நியூட்டன்!

சோதனையிலும் குறை இருந்தது, உண்மைதான். ஆனாலும் "விசை" என்ற பெயரோடு "பவுண்டில்" என்ற சொல்லும் ஒட்டியிருந்தால், யாராவது ஒருவர் கண்ணில் உறுத்தியிருக்குமே!

பொய்ச் சீட்டு

சீட்டு இல்லாததைவிடப் பொய்ச் சீட்டு கெடுதல். சர்க்கரை டப்பாவில் உப்பு இருந்தால் காப்பி என்ன ஆகும்? "மாதச்சம்பளம்" என்ற பெயர் முதல் நாள் சரியாகவே இருக்கும். பின்னால் ஒருவர் அதில் ஆண்டுச் சம்பளத்தைப் போடுவார். பெயரை மாற்றச் சோம்பல்!

அதற்காக எல்லாவற்றுக்கும் முழ நீளப் பெயர் வேண்டாம். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு யார் சீட்டு ஒட்டுகிறார்கள்? திறந்தாலே தெரிகிறது. இரண்டு வரியில் வந்து மறையும் எண்ணுக்கு "ஐ" போதும். பரண்மேல் ஏறும் டப்பாவுக்குத்தான் சீட்டு அவசியம்.

புரோகிராமுக்குள் இருக்கும் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரே சொடுக்கில் எல்லா இடத்திலும் மாற்றித் தரும் கருவிகள் வந்துவிட்டன. ஊருக்குள் போய்விட்ட பெயர்தான் திரும்பாது. இணையத்தில் ஒருவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று காட்டும் குறிப்புக்கு "ரெபரர்" என்று பெயர். 1996-ல் வெளியான விதியிலேயே அந்த ஆங்கிலச் சொல்லில் ஓர் "ஆர்" எழுத்து குறைவு. இன்றும் உலகம் முழுவதும் அந்தப் பிழையோடுதான் எழுதுகிறார்கள்!