சிரிப்பின் பொருளறிந்து சிரிப்போம்



"கார்ட்டூன்தானே, பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போகட்டும்" என்று சொல்லாத பெற்றோர் நம்மிடையே மிகச் சிலரே. வண்ணச் சித்திரம் என்றாலே அது சிறுவர்க்குரியது என்னும் எண்ணம் நம் உள்ளங்களில் ஆழப் பதிந்துவிட்டது. அவ்வெண்ணம் எந்த அளவுக்குச் சரியானது என்பதை ஒரேயொரு விளையாட்டைக் கொண்டு இம்மாதம் ஆராய்வோம்.

மேட் குரோனிங் என்பார் படைத்த 'தி சிம்ப்சன்ஸ்' என்னும் கார்ட்டூன், 1989 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தனித் தொடராகத் தொடங்கியது. ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் கற்பனை ஊரில் வாழும் ஹோமர், மார்ஜ் தம்பதியரும் அவர்களுடைய மூன்று மக்களுமே அதன் மாந்தர்கள். இத்தொடரை அடியொற்றி 2007ஆம் ஆண்டு எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 'தி சிம்ப்சன்ஸ் கேம்' என்னும் வீடியோ கேமை வெளியிட்டது. அது பதின்மூன்று வயதும் அதற்கு மேலும் உடையோர்க்கே ஏற்றது என்று அந்நாட்டுத் தர நிர்ணய அமைப்பு முத்திரையிட்டது. முத்திரை உறையின் மேலேயே இருந்தது. அதைப் படித்துப் பார்த்தோர் எத்தனை பேர்?

இதன் கதை விந்தையானது. மகன் பார்ட், ஒரு விளையாட்டின் கையேட்டைக் கண்டெடுக்கிறான். தானும் தன் குடும்பத்தாரும் அந்த விளையாட்டுக்குள் இருக்கும் பாத்திரங்களே என்பதை அதன் வாயிலாக அறிகிறான். அங்கிருந்து ஒவ்வொரு கட்டமும் வேறொரு புகழ்பெற்ற படைப்பைப் பகடி செய்கிறது. 'பேட்மேன் பிகின்ஸ்' திரைப்படம் 'பார்ட்மேன் பிகின்ஸ்' ஆகிறது. 'ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்' என்னும் ஜப்பானிய விளையாட்டின் பெயரில் உள்ள பேருருவம், இங்கே ஒரு பெரிய டோனட் பணியாரமாகிவிடுகிறது. இரண்டாம் உலகப் போரைக் களமாகக் கொண்ட 'மெடல் ஆஃப் ஹானர்', 'மெடல் ஆஃப் ஹோமர்' என்று பெயர் மாறுகிறது. இந்த மெடல் ஆஃப் ஹானர், அதே எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் சொந்தச் சரக்கு என்பது கவனிக்கத்தக்கது. வீடியோ கேம்களில் அலுக்கும்வரை திரும்பத் திரும்ப வரும் வழக்கங்களும் தப்பவில்லை. அவற்றில் ஒன்று எதிர்ப்படும்போதெல்லாம் ஒரு பாத்திரம் தோன்றி, "இதோ இன்னுமொரு தேய்ந்த வழக்கம்" என்னும் பாங்கில் குத்திக் காட்டுகிறது.

தன் குறையைத் தானே எடுத்துக் காட்டிச் சிரிப்பது நல்ல நகைச்சுவை. அதை நாம் பாராட்டத் தயங்க வேண்டியதில்லை.

விளையாட்டுக்குள் இரகசியங்களை ஒளித்து வைக்கும் பழக்கம் தோன்றிய வரலாறும் அறியத்தக்கதே. அட்டாரி நிறுவனம் தன் விளையாட்டுகளை ஆக்கியவர்களின் பெயரை வெளியிடாத காலம் அது. வாரன் ராபினெட் என்னும் ஊழியர், தாம் தனித்து உருவாக்கிய 'அட்வென்ச்சர்' விளையாட்டினுள் எவரிடமும் சொல்லாமல் ஓர் இரகசிய அறையை அமைத்தார். கண்ணுக்கு எளிதில் புலப்படாத சாம்பல் நிறப் புள்ளியொன்றைத் தேடியெடுத்து உரிய இடத்துக்குக் கொண்டு சென்றால், இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட் என்னும் எழுத்துகள் ஒளிரும். அவர் வேலையை விட்டு விலகிய பிறகு, 1980இல் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்கு மடல் எழுதினான். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. ஈஸ்டர் பண்டிகையில் பிள்ளைகள் தேடுவதற்கென முட்டைகளை ஒளித்து வைப்பது கிறிஸ்தவ நாடுகளின் வழக்கம். அதையொட்டி இத்தகைய இரகசியங்களுக்கு 'ஈஸ்டர் முட்டை' என்னும் பெயர் நிலைத்தது. உழைத்தவனுக்கு உரிய பெயரை மறுத்தால், அவன் அதைச் சுவருக்குள்ளேனும் எழுதி வைப்பான் என்பது இதில் நாம் பெறும் பாடம்.

ஆனால் எல்லா நகைச்சுவையும் ஒரு தரத்தது அன்று. அதே சிம்ப்சன்ஸ் விளையாட்டில், 'கிராண்ட் தெஃப்ட் ஸ்கிராச்சி' என்னும் வன்முறை விளையாட்டு ஊருக்குள் விற்பனைக்கு வருகிறது. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வின் பகடி அது. பிள்ளைகளுக்கு அது தீங்கு என்று பதறும் தாய் மார்ஜ், ஒலிபெருக்கி ஏந்தி ஊராரைத் திரட்டுகிறாள். அக்கட்டத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'கும்பலின் ஆட்சி' என்று பொருள்படும். அதாவது, வன்முறையும் அங்கே கேலிப்பொருள். அதைத் தடுக்க முனையும் தாயும் கேலிப்பொருள். இதைப் பார்த்துச் சிரித்த பிள்ளையிடம் நாளை அவனுடைய உம்மா, "இது வேண்டாம் மகனே" என்றால், அச்சொல் அவன் காதில் எப்படி ஒலிக்கும்? சிந்தியுங்கள்.

இன்னும் ஒன்றுண்டு. மகள் லிசாவின் ஆற்றலுக்குப் 'புத்தரின் கை' என்று பெயர். இறுதிக் கட்டத்திலோ கடவுள் என்று ஓர் உருவத்தையே நிறுத்தி, அவருடன் நடனப் போட்டி ஆட வைக்கிறார்கள். இணையற்ற இறைவனுக்கு உருவம் கற்பிப்பதையே ஏற்காத நமக்கு இது எத்துணை வேதனை தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவ்வேதனையை உணரும் நாம், புத்தரின் பெயர் விளையாட்டுப் பொருளாகும்போது ஒரு பௌத்தரின் மனம் படும் பாட்டையும் உணர வேண்டும். பிறர் வணங்குபவற்றை ஏசலாகாது என்பது நம் மார்க்கம் நமக்கிட்ட கட்டளையன்றோ!

அப்படியானால் விளையாட்டுகளையெல்லாம் தூக்கி எறிந்துவிடலாமா? அது எளிய வழி. ஆனால் பயன் தராது. வீட்டில் தடுத்ததை நண்பன் வீட்டில் காண்பார்கள். ஒருநாள் பிள்ளையின் அருகில் அமருங்கள். அவன் சிரிக்கும்போது, "எதற்காகச் சிரித்தாய்?" என்று கோபமின்றிக் கேளுங்கள். பகடி என்பது மூலத்தை அறிந்தவனுக்கே முழுமையாக விளங்கும். அவன் மூலத்தைச் சொல்லி விளக்கினால், மகிழுங்கள். அவன் அறிவு வேலை செய்கிறது. சொல்லத் தெரியாமல் விழித்தால், பிறர் சிரிக்கச் சிரிக்கிறான் என்று பொருள். அங்கேதான் உங்கள் பணி தொடங்குகிறது. இந்தக் கேலி யாரைக் குறித்தது? அவர் இங்கே அமர்ந்திருந்தால் அவரும் சேர்ந்து சிரிப்பாரா? இவ்விரு வினாக்களையும் அவனுக்குக் கற்றுக் கொடுங்கள்.

திரையில் எது வரும் என்பதை நாம் தீர்மானிக்க இயலாது. எதைக் கண்டு சிரிப்பது, எங்கே முகம் திருப்புவது என்னும் பக்குவத்தைப் பிள்ளைக்கு ஊட்டுவது நம்மால் இயலும். அதை வேறெவரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள்.