பவளம் அசல்தானா என்று கேட்டால் மட்டும் போதுமா?

செவ்வாய்க்குப் பவள மோதிரம் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது ஒன்றுதான்: "சாயம் போடாததோ?" நியாயமான கேள்வி. மலிவான வெளிறிய பவளத்துக்குச் சிவப்பேற்றி விற்கிறார்கள். அசற்றோன் தோய்த்த பஞ்சால் துடைத்தால் பல வேளைகளில் சாயம் ஒட்டும்.

அசல் என்றால் எல்லாம் சரியா? நகைக்குரிய செம்பவளம் எமது கரையோர முருகைக்கல் அன்று. பெயர்பெற்றது மத்தியதரைக் கடலில் வளர்வது. அதன் தண்டு ஆண்டுக்கு அரை மில்லிமீற்றர்கூடப் பருப்பதில்லை. அங்கே 50 மீற்றருக்குக் குறைந்த ஆழத்தில் எடுப்பதை 2011இல் தடுத்தார்கள். மறு ஆண்டு, அடித்தண்டு 7 மில்லிமீற்றராவது பருத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த அளவுக்கே இருபது, முப்பது ஆண்டுகள் செல்லும்!

அம்மம்மாவின் பழைய பவளமாலை பெட்டிக்குள் கிடந்தால் அதிலொரு மணியைப் பதிப்பியுங்கள். புதிதுதான் வேண்டுமென்றால், எந்தக் கடலில், என்ன ஆழத்தில் எடுத்தது என்றும் கேளுங்கள். பதில் இல்லாத கடையில் வாங்காதீர்கள்.