வீட்டுத் தோட்டம்: பந்தலில் தொங்கும் குடுக்கை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். நம் பந்தலிலேயே காய்த்தும் கறிக்கு உதவாத சுரை ஒன்றுண்டு. அதுவே இடை ஒடுங்கிய குடுக்கைச் சுரை. முற்றவிட்டு உலர்த்தினால் இதன் ஓடு மரம்போல் இறுகிவிடும். அதில் நம் முன்னோர் விதை சேமித்தனர். அதை முதுகில் கட்டிச் சிறுவர் நீந்தப் பழகினர். கொம்போஸ்தலாவிலுள்ள புனித யாக்கோபின் திருத்தலத்துக்கு நடந்து சென்ற திருப்பயணிகளின் கைக்கோலில் தொங்கிய தண்ணீர்க் குடுக்கையும் இதுவே. இன்று இது விளக்குக் கூடாகவும் பூச்சாடியாகவும் இல்லங்களை அழகு செய்கிறது.

வடலூரிலும் நெய்வேலியிலும் தோட்டம் போடும் குடும்பங்களுக்கு நாம் கூற விரும்புவது இது: சுரைக்கு ஆடி, தை இரண்டும் ஏற்ற பட்டங்களே. ஆயினும் ஆடியில் ஊன்றினால், காய் உலர வேண்டிய வேளையில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொள்ளும், காய் அழுகும். ஆகவே குடுக்கைக்குத் தைப் பட்டமே நன்று. கோடை வெயில் நமக்குத் துணை நிற்கும்.

குழியில் மக்கிய எருவிட்டு விதை ஊன்றி, கொடியைப் பந்தலில் ஏற்றுங்கள். காம்பு காய்ந்தபின், சிறிது காம்புடன் காயை அறுத்துக் காற்றோட்டமுள்ள நிழலில் சில மாதங்கள் தொங்கவிடுங்கள். மேலே பூஞ்சணம் படர்ந்தால் அஞ்ச வேண்டாம். பின்னர் தேய்த்துக் கழுவலாம். ஆட்டும்போது விதைகள் கலகலவென ஒலித்தால் காய் உலர்ந்துவிட்டது. குடைந்து சுரண்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

இனி, தாய்மார் மறவாதிருக்க வேண்டிய செய்தி. குடுக்கைச் சுரையும் கறிச்சுரையும் ஒரே இனம். மாலையில் மலரும் அவற்றின் வெண்பூக்களிடையே அந்துப்பூச்சிகள் மகரந்தத்தை மாற்றிவிடும். இவ்வாண்டின் கறிக்காய் அதனால் கெடாது. ஆனால் அதன் விதையை மறு ஆண்டு ஊன்றினால் கசக்கும் காய் விளையக்கூடும். பார்வைக்கு வேற்றுமை தெரியாது; சமைத்தாலும் அக்கசப்பின் நஞ்சு நீங்காது. கசப்புச் சுரைச்சாறு பருகியோர் இந்நாட்டில் இறந்ததுமுண்டு. இதனை ஆராய்ந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு அளித்த அறிக்கை 2012இல் வெளியாயிற்று. சாறு எடுக்குமுன் சிறு துண்டைச் சுவைத்துப் பார்த்து, கசந்தால் எறிந்துவிட வேண்டும் என்பது அதன் அறிவுரை. இந்நஞ்சுக்குத் தனி மாற்று மருந்து இல்லை. கசந்த காயை உண்டபின் வாந்தியோ வயிற்றுவலியோ கண்டால், கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

ஆகவே குடுக்கை படரும் தோட்டத்தில் கறிச்சுரைக்கு விதை எடுக்காதீர்கள்; புதிதாக வாங்குங்கள். எந்தச் சுரையானாலும் நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்த பின்னரே உலையில் இடுங்கள்.