பாடத்தை முடிப்பதா, பிள்ளைக்குக் கற்பிப்பதா?

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியரின் கடமைகளை 24ஆம் பிரிவில் வரிசைப்படுத்துகிறது. குறித்த காலத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படுவோருக்குக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பது அதற்கு அடுத்த வரி. முதல் கடமை நிறைவேறியதா என்று பார்க்கப் பாடக்குறிப்பேடு இருக்கிறது, பருவத் தேர்வு இருக்கிறது, ஆய்வுக்கு வரும் அதிகாரி இருக்கிறார். இரண்டாவது கடமையைப் பற்றிக் கேட்க அநேகமாக யாருமில்லை. இந்தியத் தொடக்கக் கல்வி தடுமாறுவது இந்த இடத்தில்தான். அதைச் சரிசெய்யும் வழியை நம் நாட்டிலேயே நடந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. அரசுகள் இனியும் காலம் கடத்துவதற்கு நியாயமில்லை.

பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரும் போராட்டத்தில் இந்தியா பெருமளவு வென்றுவிட்டது. 6 முதல் 14 வயது வரையுள்ள கிராமப்புறக் குழந்தைகளில் 98 சதவீதம் பேர் பள்ளியில் சேர்ந்திருக்கிறார்கள் என்று, கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றலை வீடுவீடாகச் சென்று அளக்கும் ‘ஏசர்’ கணக்கெடுப்பின் 2024 அறிக்கை சொல்கிறது. சேர்ந்தவர்கள் என்ன கற்றார்கள் என்பதுதான் வேதனை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் 27 சதவீதம் பேர் மட்டுமே. ஐந்தாம் வகுப்பிலும் அந்த அளவு 49 சதவீதத்தைத் தாண்டவில்லை.

இந்தச் சோதனை கடினமானதல்ல. கணக்கெடுப்புக்கு வரும் தன்னார்வலர் வீட்டுத் திண்ணையிலோ முற்றத்திலோ பிள்ளையின் அருகில் உட்கார்ந்து ஒரே ஒரு தாளை நீட்டுவார். அதில் சில எழுத்துகள், சில சின்னச் சொற்கள், நான்கு எளிய வாக்கியங்கள், ஒரு குட்டிக் கதை. முதலில் அந்த நான்கு வாக்கியங்கள். படித்துவிட்டால் கதைக்குப் போவார்; திணறினால் சொற்களுக்கு இறங்குவார்; அதுவும் வரவில்லை என்றால் தனி எழுத்துகள். கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல், பிறகு மூன்று இலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் பிள்ளையிடம் ஒருபோதும் தனியாகக் கேட்காத கேள்வியை, ஊர்க்கார இளைஞர் ஒருவர் சில நிமிடங்களில் கேட்டு முடித்துவிடுகிறார்.

தனியார் தொண்டு நிறுவனத்தின் கணக்கு என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. மத்திய அரசே நடத்திய ‘பரக்’ 2024 ஆய்வில், 99 வரையுள்ள எண்களை ஏறுவரிசையிலோ இறங்குவரிசையிலோ அடுக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்பு மாணவர்கள் 55 சதவீதம் பேர்தான்.

பணம் இல்லை, ஆசிரியர் இல்லை, கட்டடம் இல்லை என்பவையே காரணம் என்று சொல்லப்படுவது வழக்கம். அவை பொய்யல்ல. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓராசிரியர் பள்ளிகளை வைத்துக்கொண்டு எந்த நாடும் தலைநிமிர முடியாது. அந்தக் காலியிடங்களை நிரப்பியே தீர வேண்டும். ஆனால், வசதிகளை மட்டும் கூட்டினால் கற்றல் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. 1990களில் மேற்குக் கென்யாவின் கிராமப் பள்ளிகளுக்குப் பாடநூல்கள் இலவசமாகத் தரப்பட்டன. பொருளியலாளர்கள் பால் கிளூவி, மைக்கேல் கிரேமர், சில்வி மூலன் ஆகியோர் விளைவை அளந்தபோது, ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களுக்கு மட்டுமே அவை பயன்பட்டது தெரிந்தது. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பிள்ளைகள் பலருக்கு அது மூன்றாவது மொழி. வகுப்பின் முன்வரிசைக்காக எழுதப்பட்ட நூல், முன்வரிசையோடு நின்றுவிட்டது.

இந்தியப் பாடத்திட்டத்தின் கதையும் இதுவே. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோர் டெல்லி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. ஆறாம் வகுப்பு மாணவர் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தார். ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்புகளாக விரிந்திருந்தது. பாடநூல் ஒவ்வோர் ஆண்டும் ஒரு படி மேலே போகிறது, பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கிறார். கழித்தல் தெரியாதவருக்குப் பின்னமும், பின்னம் தெரியாதவருக்கு இயற்கணிதமும் நடத்தப்படுகின்றன. அந்தப் பிள்ளை ஆண்டுக்கு 200 நாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தும் என்ன பயன்?

இதற்கான மாற்று எளியது. வகுப்பையும் வயதையும் பார்க்காமல், பிள்ளை எந்த நிலையில் நிற்கிறாரோ அங்கிருந்து கற்பிப்பது. மும்பையில் 1995இல் தொடங்கப்பட்ட ‘பிரதம்’ நிறுவனம் இதைச் செய்து காட்டியது. மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளை உள்ளூர் இளம்பெண் ஒருவர் நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே உட்காரவைத்து, எழுத்தும் எண்ணும் கற்றுக்கொடுத்தார். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய மதிப்பீட்டில் அந்தப் பிள்ளைகளின் தேர்ச்சி தெளிவாகவே உயர்ந்திருந்தது. இவர்கள் இருவரும் கிரேமருடன் சேர்ந்து 2019இல் நோபல் பரிசு பெற்றதற்கு, இத்தகைய கள ஆய்வுகளே அடிப்படை.

ஆனால், கவனிக்க வேண்டிய பாடம் அதற்குப் பிறகு பீகாரில் கிடைத்தது. 2008 கோடையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே இந்த முறையில் ஒரு மாத முகாம் நடத்தினார்கள். பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. அதே மாநிலத்தில், அதே முறைக்கான பயிற்சியும் அட்டைகளும் கல்வியாண்டின் நடுவே தரப்பட்டபோது சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. உத்தராகண்டிலும் அதே முடிவு. ஆசிரியருக்குத் திறமை இல்லை என்றால் கோடை முகாமும் தோற்றிருக்க வேண்டும். முகாமில் அவர் தலைமேல் போர்ஷன் இல்லை, பள்ளிக்கூடத்தில் இருந்தது. வேறுபாடு இதுதான்.

ஹரியானா இந்த முடிச்சை அவிழ்த்தது. 2012-13இல் பள்ளி நேரத்தில் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கப்பட்டது. அந்த வேளையில் வகுப்புப் பிரிவு கலைந்து, பிள்ளைகள் நிலைவாரியாக உட்கார்ந்தார்கள். வட்டார அளவிலான மேற்பார்வையாளர்கள் முதலில் தாங்களே பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பழகினார்கள். பிறகு பள்ளிகளுக்குப் போய் ஆசிரியர்களுக்குத் துணை நின்றார்கள். இந்தி வாசிப்பு உயர்ந்தது. அதே மாநிலத்தில் சோதிக்கப்பட்ட தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை, படிவங்களை நிரப்பவைத்ததே தவிர, மதிப்பெண்ணில் மாற்றம் எதையும் தரவில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. சென்னை மாநகராட்சி ஆணையராக எம்.பி.விஜயகுமார் இருந்தபோது, ரிஷிவேலி பள்ளியின் முறையைத் தழுவி 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் நுழைந்தது; சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. சுவரில் கற்றல் ஏணி, பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை, தரையில் பாயில் குழுக்கள், தன் வேகத்தில் அட்டை எடுத்துப் படிக்கும் குழந்தை. கரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்தில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளைகளில் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார்கள். இங்கே சுமார் 19,000 பிள்ளைகளை ஆராய்ந்த சிங், மவுரிசியோ ரொமேரோ, முரளிதரன் குழு, பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகவும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்ததாகவும் கண்டது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது.

திசை சரியானது. இருந்தும் தமிழ்நாட்டின் நிலை ஆறுதல் தரவில்லை. ‘ஏசர்’ 2022 கணக்கில் மூன்றாம் வகுப்பில் சரளமாக வாசித்தவர்கள் 4.8 சதவீதம், கரோனாவுக்கு முன்பே அது 10 சதவீத அளவில்தான் இருந்தது. திட்டத்துக்குப் பெயர் வைப்பதிலும் தொடக்க விழாவிலும் காட்டும் அக்கறையை, அது வகுப்பறையில் ஐந்தாண்டு, பத்தாண்டு நிலைப்பதில் காட்டுவதில்லை. ‘எமிஸ்’ எனும் பள்ளித் தகவல் தளத்தில் செய்யும் பதிவேற்றமும் இணையவழி மதிப்பீடுகளும் கற்பிக்கும் நேரத்தைத் தின்கின்றன என்று ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் முறையிடுகின்றன. அந்த முறையீட்டில் நியாயம் இருக்கிறது. கைப்பேசியில் குறியிடுவதற்காகப் பிள்ளையைச் சோதிப்பது வேறு, அடுத்து எதைக் கற்பிப்பது என்று தீர்மானிக்கச் சோதிப்பது வேறு.

நிலைவாரியாகப் பிரித்தால், பின்தங்கிய பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடாதா என்ற அச்சமும் புறக்கணிக்கத்தக்கதல்ல. சாதியால் பிரிக்கப்பட்ட சமூகத்தில் அது நியாயமான அச்சம். குழுக்கள் நாள் முழுவதற்கும் அல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அமைய வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி சோதித்துக் கலைத்து அடுக்க வேண்டும். அதே சமயம், ஐந்தாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்காரவைப்பதைவிடப் பெரிய முத்திரை எது? கட்டாயத் தேர்ச்சியை ரத்து செய்யலாம் என்று 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தியது இதற்குத் தீர்வாகாது. புரியாத பாடத்தை இன்னோர் ஆண்டு அதே முறையில் கேட்கவைப்பதால் வாசிப்பு வராது; பள்ளியை விட்டு நிற்கும் எண்ணம்தான் வரும்.

செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும், மொழிக்கும் கணக்குக்குமாக நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கால அட்டவணையிலேயே ஒதுக்கப்பட வேண்டும். அந்த நேரத்துக்குப் பாடத்திட்டக் கணக்கு கேட்கக் கூடாது. அதற்கு இடம் தரும் வகையில் 24ஆம் பிரிவை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். அதுவரை மாநிலங்கள் பாடச்சுமையைக் குறைக்கலாம். வட்டாரக் கல்வி அலுவலரும் ஆசிரியர் பயிற்றுநரும் பதிவேட்டைப் புரட்டுவதற்கு முன் நாலு பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் அடிப்படை எழுத்தறிவு என்ற ‘நிபுண் பாரத்’ இலக்குக்கு 2026-27 கல்வியாண்டே கெடு. அந்தக் கெடுவைச் சத்தமில்லாமல் தள்ளிப்போடாமல், எந்த மாவட்டம் எங்கே நிற்கிறது என்பதை மத்திய, மாநில அரசுகள் வெளியிட வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கினர் பெற்றோர். சுற்றுச்சுவரும் கழிப்பறையும் பேசப்படும் அந்தக் கூட்டங்களில், எத்தனை பிள்ளைகளுக்குப் படிக்க வருகிறது, வராதவர்களுக்கு இந்த மாதம் என்ன செய்தார்கள் என்பதே முதல் பொருளாக இடம்பெற வேண்டும். அந்த விவரத்தை எழுதித் தரும் பொறுப்பு தலைமை ஆசிரியருக்கும், அதைக் கேட்டு வாங்கும் உரிமை பெற்றோருக்கும் உண்டு என்று பள்ளிக் கல்வித் துறை உடனே ஆணை பிறப்பிக்க வேண்டும்.