லயத்தை எட்டாத அலை

இலங்கையில் இணையம் எட்டாத இடம் இனி இல்லையென்னும் கூற்று, அண்மைக்காலத்திற் படித்தோர் மத்தியில் ஐயத்திற்கிடமற்ற உண்மைபோல வழங்கிவருகின்றது. தொலைத்தொடர்புக் கம்பனிகள் வெளியிடும் தேசப்படங்களே இந்நம்பிக்கையின் ஊற்றுக்கண். கரையோரத்திலிருந்து மலைநாடு வரை ஒரே வண்ணம் பூசப்பட்ட அப்படங்களிற் பள்ளத்தாக்கும் இல்லை, முகடும் இல்லை. ஆயின், கோபுரத்திலிருந்து புறப்படும் அலை தேசப்படத்தின்மீது செல்வதன்று, நிலத்தின்மீது செல்வது. மடுல்சீமையிலோ மஸ்கெலியாவிலோ ஒரு முகட்டிற்கு இப்பாலுள்ள லயத்திற் கிடைக்கும் அலை அப்பாலுள்ள லயத்திற் கிடைப்பதில்லை. இருபுறத்தாரும் 'சேவை பெறும் மக்கள்' என்ற ஒரே கணக்கில் அடங்கிவிடுகின்றனர்.

இக்கணக்கின் பொய்ம்மையை 2021ஆம் ஆண்டு வெளிப்படுத்தியது. பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த அவ்வாண்டிற் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்து மாணவர் காட்டுவழியே நடந்து பாறையுச்சியில் அமர்ந்து பாடங்கேட்டனர். லுணுகலைப் பகுதியில் மரத்தின்மேல் அமைத்த பரண் வகுப்பறையாயிற்று. அப்படங்கள் உலகப் பத்திரிகைகளிலும் வெளிவந்தன. பாறையில் ஏறிய சிறுவரின் கல்வித்தாகத்தைப் பாராட்டாதார் இலர்; அவர்களைப் பாறையில் ஏற்றியது யாது என வினவியோர் மிகச் சிலரே. ஓர் அநீதியைத் தியாகமாக மாற்றிப் போற்றுவதைப்போல அதனை மறைப்பதற்கு வசதியான வழி பிறிதில்லை.

கம்பனிகள் தரப்பில் முன்வைக்கப்படும் முதன்மையான வாதம், கிராமங்களில் வீடுகள் சிதறிக் கிடப்பதனாற் செலவு மிகுதி, வருவாய் குறைவு என்பதாகும். வன்னியின் சில ஊர்களைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. தோட்டங்களைப் பொறுத்தவரையிலோ இது நகைப்பிற்குரியது. ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்துக் காம்பராக்களைக் கொண்ட லயத்தைக் காட்டிலும் நெருக்கமான குடியிருப்பு கொழும்பின் தொடர்மாடிகளிலன்றி வேறெங்குளது? ஒரு லயத்தின் முகப்புவரை ஒளியிழை வடம் ஒன்று வந்துசேருமாயின் பல குடும்பங்களுக்கு அதனைப் பகிர்ந்தளிப்பது எளிது. ஆகவே தடையாக நிற்பது தூரமன்று. அதனை நிலத்திலும் முகவரியிலுமே தேடவேண்டும்.

தோட்டத் தொழிலாளி தலைமுறை தலைமுறையாக வாழும் காம்பரா அவனுக்குச் சொந்தமன்று. தன் வாசலில் ஒரு கம்பம் நாட்டுவதற்கும் அவன் தோட்ட நிர்வாகத்தின் இசைவை வேண்டிநிற்கின்றான். தனி முகவரியற்ற லயங்களுக்குரிய கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே கைசேர்கின்றன. இணைப்புக்கான விண்ணப்பப் படிவமோ வீட்டிலக்கமும் வீதிப்பெயரும் கேட்கின்றது. வதிவிடத்தை உறுதிப்படுத்தும் பற்றுச்சீட்டுக் கேட்கின்றது. தபால்காரனே எட்டாத வாசலை மின்காந்த அலை எட்டும் என எதிர்பார்ப்பது அறிவுடைமையாகாது.

'கையிலே தொலைபேசி இருக்கின்றதே, வீட்டுக்கு வேறு இணைப்பு எதற்கு?' என்பது மற்றொரு வாதம். இதனைக் கூறுவோர் பெரும்பாலும் வீட்டில் ஒளியிழை இணைப்பு உடையோர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஒரு கோபுரத்தின் கொள்ளளவு அதனைப் பயன்படுத்தும் யாவர்க்கும் பொதுவானது. மாலையில் வேலைமுடிந்து அனைவரும் வீடு திரும்பும் வேளையில் ஒவ்வொருவர்க்கும் கிடைக்கும் பங்கு சுருங்குகின்றது. மாணவன் படிக்க அமரும் வேளையும் அதுவே. தகரக் கூரை எஞ்சிய அலையையும் தடுக்கின்றது. மின்சாரம் நின்றால் வீட்டிலுள்ள ரவுட்டர் அணைகின்றது. சேமமின்கலம் தீர்ந்ததும் கோபுரமும் அணைகின்றது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நிலவியபோது இது நாடறிந்த அனுபவமாயிற்று. நள்ளிரவின் பின்னர் மட்டும் பயன்படுத்தத்தக்க 'இரவுத் தரவு' என்னும் சலுகையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. அது ஆந்தைகளுக்கே மிகவும் பயன்படும்.

இனி, வானத்திலிருந்து விமோசனம் வரும் என்பாரும் உளர். 2015ஆம் ஆண்டு ஜூலையிற் கூகுள் நிறுவனத்தின் 'லூன்' பலூன்களால் நாடு முழுவதையும் இணையத்தாற் போர்த்துவதற்கு அரசாங்கம் உடன்படிக்கை செய்தது. 2016 பெப்ரவரியில் வந்த முதலாவது பரீட்சார்த்தப் பலூன் கம்பளைப் பகுதியிலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இறங்கிற்று. தோட்டத்தை நாடிவந்தது அத்திட்டத்தில் அது ஒன்றுதான். 2021 ஜனவரியில் அந்நிறுவனம் உலகளாவிய ரீதியில் அம்முயற்சியையே கைவிட்டது. பலூனுக்குப் பின் செய்மதி வந்தது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையிற் சேவையைத் தொடங்கியபோது அதன் உபகரணத்தின் விலை ஓர் இலட்சம் ரூபாவைத் தாண்டியிருந்தது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. எழுபத்துநான்கு நாட் கொழுந்து பறித்துப் பெற்ற சம்பளத்தை உண்ணாது உடுக்காது சேர்த்தாலும் அவ்வுபகரணத்தை வாங்க இயலாது. மாதக் கட்டணம் அதற்கு அப்பாற்பட்டது. விஞ்ஞானம் வந்துவிட்டது என்பது மெய்யே. யாருக்கு வந்தது என்பதே வினா.

முயற்சியுடைய கிராமத்தவர் தாமே செய்துகொள்ளலாம் என்போர் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியை எடுத்துக்காட்டுவர். அங்கு 2011இல் தொடங்கிய 'பார்ன்' என்னும் கூட்டு முயற்சியிற் கிராமத்தவர் தம் கையாலேயே அகழி வெட்டி வடம் பதித்தனர். கமக்காரர் தம் வயல்களுக்கூடாகக் கட்டணமின்றி வழிவிட்டனர். பெருங்கம்பனிகள் புறக்கணித்த ஊர்கள் நகரங்களை விஞ்சும் வேகத்தைப் பெற்றன. போற்றத்தக்க சாதனைதான். ஆயின் அவர்கள் வெட்டியது தம் நிலம். மண்வெட்டி பிடிக்கத் தெரியாமையாலா மலையகத் தொழிலாளி அகழி வெட்டாதிருக்கின்றான்? இந்நாட்டின் பெருந்தெருக்களையும் இருப்புப் பாதைகளையும் வெட்டியதில் அவன் முன்னோருக்குப் பெரும்பங்குண்டு. வெட்டுவதற்கு உரிமையுள்ள ஓரடி நிலம் அவனுக்கில்லை என்பதே உண்மை.

அந்நிலம் யாருடையது என்பதையும் கூறுதல் வேண்டும். 1992இல் உருவாக்கப்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நிலவுடைமையாளர் அல்லர். ஐம்பத்துமூன்று ஆண்டுக் குத்தகைக்காரரே. பெரும்பான்மையான தோட்டங்களின் நிலம் அரசுக்குரியது. எனவே, நிர்வாகம் இசையவில்லை, கம்பனி வரவில்லை என்று கைவிரிக்கும் அரசு, தன் நிலத்திற்கூடாகத் தன் அனுமதிப்பத்திரத்தைப் பெற்ற நிறுவனம் வடம் பதிப்பதற்கு வழியில்லையெனக் கூறுகின்றது. குத்தகை உடன்படிக்கையிலும் அனுமதிப்பத்திரத்திலும் ஒவ்வொரு நிபந்தனையைச் சேர்ப்பது அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. இரவு எட்டு மணிக்கு லயத்தின் வாசலில் அளந்து பெறும் வேகமே சேவை. கோபுரத்தின் அடியில் அளந்தது சேவையன்று என அந்நிபந்தனை கூறவேண்டும். பின்லாந்து 2010 ஜூலையிலேயே ஒரு மெகாபிற் இணைப்பைக் குடிமக்களின் சட்டபூர்வ உரிமையாக்கிவிட்டது.

இந்நாட்டிற்கு இச்சிந்தனை புதிதன்று. 1990களின் இறுதியிற் கொத்மலைச் சமுதாய வானொலி, நேயர் கேட்ட வினாக்களுக்கு இணையத்தில் விடைதேடி அவர்தம் மொழியில் ஒலிபரப்பி உலகின் கவனத்தை ஈர்த்தது. பின்னர் வந்த நெனசல அறிவகங்கள் 2014இல் கேட்ஸ் மன்றத்தின் விருதைப் பெற்றன. நிலையத்தை மூடிய பின்னர் ஒப்படை எழுதவேண்டிய மாணவிக்கு அவை போதா. ஆயினும் ஏழைக்கு இணையம் அளிப்பது பொதுக்கடன் என்பதை அவை ஏற்றிருந்தன. இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் பெருமளவில் அரசின் பொறுப்பில் வந்ததோ 1970களில். அதே காலதாமதம் இணையத்திலும் மீண்டும் நிகழ்கின்றது.

பல்கலைக்கழகம் இதிற் பார்வையாளராக நிற்க இயலாது. 2020இல் 'லேர்ன்' வலையமைப்பின் வழியாக விரிவுரைகளுக்குத் தரவுக் கட்டணம் நீக்கப்பட்டமை நன்று. கட்டணம் நீங்கியதனாற் கோபுரம் முளைக்கவில்லை. திரையில் முகம் தோன்றாத மாணவர் அக்கறையற்றோர் எனக் கொள்ளப்பட்டனர். சமூக ஏற்றத்தாழ்வு பற்றி விரிவுரை நிகழ்த்திய ஆசிரியரும், அவ்விரிவுரையிலிருந்து பாதியில் அறுந்துபோன மாணவியைப் பற்றி வினவியதில்லை. இன்றும் ஒப்படைகள் நள்ளிரவு 11.59ஐ எல்லையாகக் கொண்டு இணையவழியே கோரப்படுகின்றன. அடுத்த இணையவழிப் பரீட்சையை அறிவிக்குமுன், அதனை எழுதவிருக்கும் ஒவ்வொருவரும் எங்கிருந்து எழுதுவார் என்ற விபரத்தைப் பீடச்சபை கேட்டுப் பெறட்டும். அப்பட்டியலிற் பாறையின் பெயரோ மரத்தின் பெயரோ இடம்பெறுமாயின், பரீட்சையை ஒத்திவைப்பதா, மண்டபத்தில் நடத்துவதா என்பதை அச்சபையே தீர்மானிக்கட்டும்.